‘அமெரிக்க அரசாங்கமே வாடகை கட்டும்’ என்றார்கள். எங்கள் 86,400 வெள்ளி போய்விட்டது

போன புதன்கிழமைதான் தெரிந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எங்களுக்கு ஒரு வீடு இருப்பதாக ஒன்பது மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது வரி பாக்கிக்காகப் பறிபோய்விட்டது. மொத்தம் 86,400 சிங்கப்பூர் வெள்ளி. வீட்டின் விலை 61,000 அமெரிக்க டாலர்; அங்கே நிறுவனம் பதிவு செய்ய, பத்திரம் எழுத, ‘சேவைக்கு’ என்று பிடுங்கியது மிச்சம். யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கடைசியில் ஏழு எச்சரிக்கைகள் தருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். என் கணவர் 55 வயதைத் தாண்டியதும் மத்திய சேம நிதியிலிருந்து எடுத்த பணமும் என் சேமிப்பும் வங்கியில் கிடந்தன. இங்கேயே இரண்டாவது வீடு வாங்கலாம் என்றால், 2023 ஏப்ரலிலிருந்து குடிமக்களுக்கே 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாக்கனி. இந்த ஏக்கத்தை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள்தான் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை இலவச வகுப்பு நடத்தினார்கள். வெளிநாட்டுச் சொத்து முதலீட்டைக் ‘கற்றுக்கொடுக்கும்’ நிறுவனம். பெயர் எழுதப் போவதில்லை; வழக்கறிஞர் வேண்டாம் என்றார்.

வகுப்பில் நான் எதற்கும் கையெழுத்திடவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அடுத்த வாரம் வகுப்பு நடத்தியவர்களில் ஓர் இளைஞர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தமிழ்ப் பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். அண்ணன், அக்கா என்றே பேசினார். நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். சொன்னால் சிரிப்பீர்கள், நான் விழுந்தது அந்த டம்ளரில்தான்.

பிறகு மேசையில் கிடந்த மின்கட்டண உறையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். மாத வாடகை 1,150 டாலர், பன்னிரண்டால் பெருக்கினால் 13,800. அதன் கீழே இரண்டு கோடு. “22 விழுக்காடு அக்கா, எந்த வங்கி தரும்?” என்றார். “குடியிருப்பவர் ஏழை. ஆனால் வாடகையைக் கட்டுவது அரசாங்கம். நம் வீவக வாடகை வீடுகளைப் போலத்தான். அரசாங்கம் ஏமாற்றுமா?” அந்த நகர வீடமைப்பு அலுவலகம் எழுதியதாக ஒரு கடிதத்தின் நகலையும் காட்டினார். உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. சொத்து வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு, ஆள் இல்லாத மாதங்கள் எதையும் அதில் கழிக்கவில்லை. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. உரிய படிவங்களைத் தாக்கல் செய்யாவிட்டால் மொத்த வாடகையில் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துவிடுவார்கள். இதையெல்லாம் நான் இந்த நான்கு நாள்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். 86,400 வெள்ளி கொடுத்த பிறகு.

அவர் சொன்ன திட்டம் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ‘செக்‌ஷன் எய்ட்’ என்பார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகைக்குக் கொடுப்பார். மிச்சத்தை உள்ளூர் வீடமைப்பு அலுவலகம் நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பும். ஆனால் இந்த வாடகை உதவிக்காகத் தரும் சீட்டு குடியிருப்பவருடையது, வீட்டினுடையது இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் சீட்டை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக்கும் அவ்வப்போது ஆய்வு உண்டு. வெப்பமூட்டி வேலை செய்யவில்லை, 1978க்கு முந்தைய வீட்டில் ஈயம் கலந்த பழைய சாயம் உரிகிறது, குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் வீடு தேறாது. குறித்த கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். நியாயமான விதிதான். எங்களிடம்தான் யாரும் சொல்லவில்லை.

2024 ஜூலையில் வாங்கினோம். ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம் 1,400 வெள்ளி ஒழுங்காக வந்தது. சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலிருந்து, சிங்கப்பூர் வெள்ளியில் வந்தது. அமெரிக்க வாடகை எப்படி இங்கிருந்தே வருகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எங்கள் பணத்தையே எங்களுக்குச் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 7,000 வெள்ளியைக் கழித்துத்தான் நட்டத்தைச் சொல்ல வேண்டும் என்கிறார் கணவர். நான் கழிக்க மாட்டேன்.

ஜனவரியில் பணம் வரவில்லை. கேட்டேன். “அங்கே இப்போது நடு இரவு அக்கா, காலையில் பேசுகிறேன்.” காலையில் பேசவில்லை. அடுத்து, பனி அதிகம், ஆய்வாளர் வர முடியவில்லை. அடுத்து, அங்குள்ள நிர்வாக நிறுவனத்தைக் கேளுங்கள். நிர்வாக நிறுவனத்துக்கு எழுதினால், விற்றவரைக் கேளுங்கள் என்று ஒற்றை வரிப் பதில். பிப்ரவரி முழுக்க நீல நிறச் சரிக்குறி மட்டும் விழுந்தது, பதில் வரவில்லை. மார்ச்சில் ஒரு மின்னஞ்சல்: “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 14ஆம் பத்தியைப் பார்க்கவும்.” வாடகைக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தப் பத்தியில் இருக்கிறது. அக்கா வாடிக்கையாளராகிவிட்டேன்.

சிகாகோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகனைக் கெஞ்சினேன். பாவம், விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கரை மணி நேரம் காரோட்டிப் போனான். காணொளி அழைப்பில் காட்டினான். சன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே செம்புக் குழாய்களை அறுத்தெடுத்துப் போயிருந்தார்கள். வெப்பமூட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் இருந்தாள், வெப்பமூட்டி கெட்டதும் யாரும் வந்து பார்க்கவில்லை, 2023 குளிர்காலத்திலேயே போய்விட்டாள் என்றார் எதிர்வீட்டு மூதாட்டி. நாங்கள் வாங்குவதற்கு முன்பே போய்விட்டாள்! அந்தக் கடித நகலை எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கும் மேல்மூலை நகலெடுக்கும்போது வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும்.

முன்வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் சொத்து வரி மூன்றாவது ஆண்டுவரை கட்டப்படாமல் கிடந்தால் வீட்டைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டுக்கு 2022ஆம் ஆண்டு வரியே கட்டப்படவில்லை. கெடு மார்ச் இறுதியோடு முடிந்துவிட்டது. அந்த வாசலில் யாராவது ஒருமுறை போய் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். மாதம் பத்து விழுக்காடு நிர்வாகக் கட்டணம் எதற்கு வாங்கினார்கள்?

பத்திரமும் அப்படித்தான். ‘குவிட் கிளெய்ம்’ பத்திரம் என்கிறார்கள். விற்பவர் தமக்கு இருக்கிற உரிமை எதுவோ அதைக் கொடுக்கிறார். பாக்கி இல்லை, வில்லங்கம் இல்லை என்று எந்த உறுதியும் கொடுப்பதில்லை. அழகான முத்திரையைப் பார்த்து அதைச் சாமி அறையில் வைத்திருந்தேன்.

அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சிறு கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் வரம்பு 20,000 வெள்ளி, இருதரப்பும் சம்மதித்தால் 30,000. எங்களுடையது 86,400. அதோடு, ஒப்பந்தம் போட்டிருப்பது அமெரிக்காவில் பதிவான ஒரு நிறுவனத்துடன். இங்கே வகுப்பு நடத்தியவர்கள், “நாங்கள் கல்விதான் வழங்கினோம்” என்கிறார்கள். வெளிநாட்டு வீட்டை நேரடியாக வாங்குவது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கண்காணிப்பில் வருவதில்லை என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரியும்.

எச்சரிக்கைகள். பேசுகிறவர் பதிவுபெற்ற சொத்து முகவரா என்று பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். நான் தேடியது போன வாரம்தான், அவர் பெயர் அதில் இல்லை. வாங்கும் முன் அந்த ஊரின் வரி பாக்கியை நீங்களே பாருங்கள். முகவரியைத் தட்டினால் இணையத்திலேயே வருகிறது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உரிமைக் காப்புறுதி (வீட்டின் உரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் காப்புறுதி) இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். உங்களுக்கு வேண்டிய யாராவது அந்த வீட்டுக்குள் நடந்து பார்க்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

ஏழு என்று சொன்னேன். மற்றவற்றை எழுத இப்போது தெம்பில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் விளம்பரம் வருகிறது. வரும் சனிக்கிழமை, அதே ஹோட்டல், அதே இலவச வகுப்பு. இந்த முறை வேறு ஊர் வீடுகள். போகாதீர்கள்.