கரைசல் கணக்கு: சூத்திரமா, 100 கிராம் வழியா, அலகு வெட்டலா?

"நிறையளவில் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 1.19 கிராம். மோலாரிட்டியும் மோலாலிட்டியும் காண்க." (மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல்கள்; மோலாலிட்டி என்பது ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு உள்ள மோல்கள்.) இந்தக் கணக்கைக் கொண்டுபோய் உதவி கேட்டால், சொல்லித் தருபவரைப் பொறுத்து மூன்று வழிகளில் ஒன்று கிடைக்கும். மூன்றும் சரியானவையே. ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றினால், மூன்றும் ஒரே மாதிரி தாங்குவதில்லை.

சூத்திரம்தான் வேகமானது. மோலாரிட்டி = 10 × அடர்த்தி × சதவீதம் ÷ மோலார் நிறை (ஒரு மோலின் நிறை; இந்த அமிலத்துக்கு 36.46 கிராம்). அதாவது 10 × 1.19 × 37 ÷ 36.46 = 12.08 மோலார். ஒரே வரியில் வேலை முடிகிறது. அந்த 10 எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பலர் திணறுகிறார்கள். லிட்டருக்கு 1000 மில்லிலிட்டர், சதவீதத்துக்கு 100; 1000 ÷ 100 = 10. இது தெரியாதவர், 100 மில்லிலிட்டரில் 37 கிராம் என்று கேள்வி மாறினாலும் அடர்த்தியால் பெருக்கிவிடுவார். அங்கே அடர்த்திக்கு வேலையே இல்லை. விடை 370 ÷ 36.46 = 10.15.

100 கிராம் வழியில் சூத்திரமே வேண்டாம். 100 கிராம் கரைசல் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அமிலம் 37 கிராம், தண்ணீர் 63 கிராம். அமிலம் 37 ÷ 36.46 = 1.015 மோல். கரைசலின் கனஅளவு 100 ÷ 1.19 = 84.03 மில்லிலிட்டர், அதாவது 0.08403 லிட்டர். மோல்களை லிட்டரால் வகுத்தால் 12.08 மோலார். அதே மோல்களைத் தண்ணீரின் 0.063 கிலோகிராமால் வகுத்தால் 16.1 மோலால். இரண்டு விடைகளும் ஒரே படத்திலிருந்து வந்துவிடுகின்றன.

மோலாலிட்டி 10.15 என்று வந்திருந்தால், 63க்குப் பதில் 100 கிராமால், அதாவது கரைசலின் முழு நிறையால், வகுத்திருக்கிறீர்கள். மோலாலிட்டிக்குக் கரைப்பான் மட்டும்தான் கணக்கு. நீர்த்த கரைசலில் இந்தத் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் இரண்டு நிறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அடர் அமிலத்தில் விடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

ஆனால் எல்லாக் கணக்குக்கும் 100 கிராம் பொருந்தாது. மோலாரிட்டி கொடுத்திருந்தால் 1 லிட்டர் கரைசலையும், மோலாலிட்டி கொடுத்திருந்தால் 1 கிலோ கரைப்பானையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த செறிவு எந்த அளவுக்குச் சொல்லப்பட்டதோ, அந்த அளவிலிருந்தே தொடங்குவது எளிது.

அலகு வெட்டல் என்பது 37 கிராம் அமிலம் / 100 கிராம் கரைசல் × 1.19 கிராம் கரைசல் / 1 மில்லிலிட்டர் கரைசல் × 1000 மில்லிலிட்டர் / 1 லிட்டர் × 1 மோல் / 36.46 கிராம் அமிலம் என்று சங்கிலியாக எழுதுவது. அடர்த்தியைத் தலைகீழாகப் போட்டால் அலகு வெட்டுப்படாமல் நின்று தவறைக் காட்டிக்கொடுக்கும். வெறும் "கிராம்" என்று எழுதினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். எதன் கிராம் என்பதையும் கூடவே எழுதுங்கள். மோலாலிட்டியில் இந்த வழி தடுமாறும். பெருக்கல் சங்கிலிக்குள் 100 − 37 என்ற கழித்தல் நுழையாது. 63ஐத் தனியே கண்டுபிடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே சதவீதக் கணக்குக்கு 100 கிராம் வழியையே முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வோம். சூத்திரம் விடையைச் சரிபார்க்க உதவட்டும்.

"செறிவு × கனஅளவு இருபுறமும் சமம்" என்ற சூத்திரம் மட்டும் வேறு ரகம். அது நீர்த்தலுக்கானது. இந்த 12.08 மோலார் அமிலத்திலிருந்து 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் கரைசல் செய்ய 2.07 மில்லிலிட்டர் போதும் என்று அது சரியாகச் சொல்லும். (அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், பிறகு 250 குறி வரை நிரப்ப வேண்டும்.) அதையே நடுநிலையாக்கலுக்கும் அப்படியே போட்டால் ஏமாற்றும். 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் சல்ஃபியூரிக் அமிலத்துக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லிலிட்டர் என்று விடை வரும். ஒரு மோல் சல்ஃபியூரிக் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் வேண்டும். ஆகவே தேவைப்படுவது 50 மில்லிலிட்டர். வினை நடக்கும் எந்தக் கணக்கிலும் முதலில் சமன்பாட்டைச் சமன்செய்து, மோல் வழியாகவே போக வேண்டும்.