துபாயா, மாலத்தீவா? ஆங்கில ஆசிரியைக்கு வந்த இரண்டு ஆஃபர் லெட்டர்

போன மாதம் பாலக்கோட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். களி தின்ற கை காய்வதற்குள் சித்தி மகள் இரண்டு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று துபாயில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி அனுப்பியது. மற்றது மாலத்தீவில் சின்னத் தீவு ஒன்றின் அரசுப் பள்ளி வேலை. இரண்டிலும் பதவி ஒன்றுதான், ஆங்கில ஆசிரியை.

“அக்கா, நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்துட்டு வந்தவங்க. எதுக்குப் போகட்டும், சொல்லுங்க.”

மாலத்தீவில் நான்கு வருடம், துபாயில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டுக் காவேரிப்பட்டணத்துக்குத் திரும்பியவள் நான். ஆனாலும் அன்றைக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்ல மனசு வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் உட்கார்ந்து நிதானமாகவே எழுதிவிடுகிறேன்.

அவள் விரல் சம்பள வரியின் மேல் இருந்தது. நான் தேடியது வேறு இரண்டு வரிகளை. வாரத்துக்கு எத்தனை பீரியடு? பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் சம்பளத்தோடு லீவு உண்டா? இரண்டு தாளிலும் அந்த வரிகள் இல்லை.

சம்பளம்

துபாய்க் கடிதத்தில் மாதம் 4,000 திர்ஹம். வருமான வரி கிடையாது. திர்ஹம் டாலரோடு கட்டிவைத்த நாணயம், ஒரு டாலருக்கு 3.6725. சம்பளம் அரசு கண்காணிக்கும் முறையில் வங்கி வழியாக வரும். ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வந்த அன்றே ஊருக்கு அனுப்பலாம், கேட்பார் இல்லை.

ஆனால் அந்த 4,000 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவள் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 2,000தான். மீதியெல்லாம் வீட்டுப்படி, போக்குவரத்துப்படி. வேலையை விட்டு வரும்போது கையில் தரும் கிராஜுவிட்டியை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். முதல் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். 2,000 என்றால் வருடத்துக்கு 1,400 திர்ஹம், ஐந்து வருடத்துக்கு 7,000. அதே 4,000இல் அடிப்படை 3,000 என்று எழுதியிருந்தால் 10,500 வரும். மாதா மாதம் கைக்கு வருவதில் ஒரு பைசா வித்தியாசம் தெரியாது. கிளம்புகிற அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வருடம் முடியும் முன் வந்துவிட்டால் அதுவும் கிடையாது.

மாலத்தீவில் சம்பளம் ரூஃபியாவில். அரசுக் கணக்கில் டாலருக்கு 15.42. அந்தக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் தொகை நன்றாகவே தெரியும். சிக்கல் அதை இந்தியாவுக்கு அனுப்பும்போதுதான். அங்கே டாலர் தட்டுப்பாடு அடிக்கடி வரும். வந்தால் வெளிநாட்டுக்காரர் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கி உச்சவரம்பு வைக்கும், அதைக் குறைத்துக்கொண்டும் வரும். வெளியே டாலர் வாங்கப் போனால் 15.42க்குக் கிடைக்காது. என்னோடு வேலை பார்த்த அரூர்க்கார சார் ஒருவருக்குத் தங்கச்சி கல்யாணம் நிச்சயமானபோது, அவர் கணக்கில் பணம் இருந்தது, ஊருக்கு அனுப்ப வழிதான் இல்லை. இரவெல்லாம் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் மாதத் தவணை கட்ட வேண்டிய கடன் இருந்தால் துபாய்க்குத்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வேலை நேரம்

துபாயில் எனக்கு வாரம் 28 பீரியடு. காகிதத்தில் 28. யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷன் வரும், அதையும் சேர்த்தால் 31, 32 ஆகும். அதற்கு மேல் பஸ் டியூட்டி, நோட்டுத் திருத்தம், பெற்றோருக்கு மெயில். தனியார் பள்ளிகளைத் துபாய் அரசின் கல்வி ஆணையம் சோதித்துத் தரம் போடும். நான் இருந்த காலத்தில் அது வருடா வருடம் நடந்தது. பள்ளிக் கட்டண உயர்வும் அந்தத் தரத்தோடு சேர்ந்தே இருந்ததால், நிர்வாகத்தின் பதற்றம் முழுக்க எங்கள் தலையில் இறங்கும். சோதனைக்கு முந்தைய மாதம் பாடத்திட்டக் கோப்பு எழுதியே இரவு போகும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிவந்த நோட்டுக்கட்டை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் ஒன்று. பாடத்தை எப்படித் திட்டமிடுவது, எடுத்தது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அந்த நெருக்கடியில்தான் கற்றேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

தீவில் என் வகுப்பில் 17 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும், அம்மா பெயர் தெரியும். அவர்களுடைய திவேஹி மொழிக்கு ‘தானா’ என்ற எழுத்து, வலமிருந்து இடமாக ஓடும். ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் “நோட்டைத் திறங்க” என்றேன். பாதிப் பிள்ளைகள் பின்னட்டையிலிருந்து திறந்தார்கள். நோட்டின் மூலையில் மீன் படம் வரைந்து, மீன் இருக்கும் பக்கத்திலிருந்து ஆங்கிலம் என்று பழக்க மூன்று வாரம் ஆனது. அப்படி மூன்று வாரம் ஒரே விஷயத்தில் நிற்க அங்கே நேரம் இருந்தது. துபாயில் மூன்று நாள் நின்றால் துறைத்தலைவர் வந்து நிற்பார்.

தீவின் கஷ்டம் வேறு மாதிரி. காய்கறி படகில் வர வேண்டும். காற்றும் மழையும் பிடித்தால் வராது. சூரை மீன் சாப்பிடாதவர்கள் தேங்காயும் பருப்புமாக ஓட்ட வேண்டும். இஸ்லாம் தவிர மற்ற மதத்தினர் வெளியில் வழிபட முடியாது, சாமி சிலை கொண்டுபோகக்கூடாது. இதைப் பெட்டி கட்டும்போதே தெரிந்துகொள்ளுங்கள், விமான நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தலைநகர் மாலே போக வேண்டும். தனிமையும் உண்டு. தீவை முழுக்கச் சுற்றிவர 40 நிமிடம், அதற்கு மேல் நடக்க இடமில்லை.

கருத்தரங்கு

வயிற்றுப் பாட்டுக்குப் போகிற இடத்தில் கருத்தரங்கு எதற்கு என்று சித்தப்பா கேட்டார். என் அனுபவத்தையே பதிலாகச் சொன்னேன்.

துபாய் போன இரண்டாம் வருடம் மார்ச்சில், டெசால் அரேபியா என்ற ஆங்கில ஆசிரியர் அமைப்பின் மாநாட்டுக்கு ஒரே ஒரு நாள் போனேன். சொந்தக் காசு, சொந்த விடுமுறை நாள். காபி வரிசையில் எனக்கு முன்னால் பிலிப்பைன்ஸ்கார ஆசிரியை ஒருவர். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று பேசிக்கொண்டே வந்தவர், கப்பைக் கையில் வாங்கியதும் “உங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டார். மொத்தத்தைச் சொன்னேன். “நான் கேட்டது அது இல்லை” என்றார். காபி ஆறும் வரை நின்று அந்தக் கிராஜுவிட்டிக் கணக்கைத் தன் நிகழ்ச்சி நிரல் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். மேலே எழுதியிருப்பது அவர் சொல்லித் தந்ததுதான். அடுத்த ஒப்பந்தத்தில் அடிப்படையை உயர்த்தச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். ஒரே ஸ்டாஃப் ரூமில் இருக்கிறவர்கள் சம்பளம் பேச மாட்டார்கள், பயம். வேறு பள்ளிக்காரர்களைப் பார்க்கிற இடத்தில்தான் நம் நிலைமை நமக்கே தெரியவரும். எனக்கு அது கருத்தரங்கில் நடந்தது.

துபாயில் மாநாடு பக்கத்திலேயே நடக்கும், லீவுதான் கிடைக்காது. இதற்குக் காரணம் நாள்காட்டி. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அங்கேயும் ஏப்ரலில்தான் வருடம் பிறக்கும். 1967இல் தொடங்கிய ஐயாடெஃப்பல் என்ற ஆங்கில ஆசிரியர் அமைப்பு பிரிட்டனில் ஆண்டு மாநாடு நடத்துவது பெரும்பாலும் ஏப்ரலில். அமெரிக்காவின் டெசால் மாநாடு பெரும்பாலும் மார்ச்சில், அப்போது பள்ளியில் பொதுத்தேர்வு. தாய்லாந்து டெசால் ஜனவரிக் கடைசியில், அப்போது மாதிரித் தேர்வு. எந்த முதல்வரிடம் போய் லீவு கேட்பது? ஆகவே வேலையில் சேரும் முன்பே வருடத்துக்கு மூன்று நாளாவது கருத்தரங்கு லீவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் வராது.

மாலத்தீவில் நேர்மாறு. அட்டோல் என்கிற தீவுக் கூட்டங்களில் ஆசிரியர் வள மையங்கள் இருக்கின்றன. பயிற்சிக்கு என்று நாள் ஒதுக்குவார்கள், அதற்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. ஆனால் வெளிநாட்டு மாநாடு என்றால் தீவிலிருந்து மாலே போகவே ஒரு நாளும் ஒரு கணிசமான தொகையும் ஆகிவிடும். நான் செய்தது என்னவென்றால், தீவில் செய்ததை ஊரில் வந்து பேசினேன். ரிஹாகுரு என்று அங்கே ஒரு குழம்பு உண்டு. சூரை மீன் வேகவைத்த தண்ணீரை மணிக்கணக்கில் சுண்டவைத்துக் கூழாக்குவது. செயப்பாட்டு வினை புரியாமல் தவித்த எட்டாம் வகுப்பிடம் ரிஹாகுரு செய்முறையை எழுதச் சொன்னேன். “ஃபிஷ் இஸ் கட், வாட்டர் இஸ் பாயில்டு” என்று ஒரே பீரியடில் இலக்கணம் தானாக வந்து விழுந்தது. அந்த வருட விடுமுறையில் தமிழ்நாட்டில் நடந்த ஆங்கில ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் அந்த நோட்டுகளை வைத்து 20 நிமிடம் பேசினேன். துபாய் பள்ளியின் நேர்காணலில் என்னிடம் அதிக நேரம் கேட்டது அந்த 20 நிமிடத்தைப் பற்றித்தான்.

போகாமல் இங்கேயே இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எல்டாய், அதாவது இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், சென்னையில்தான் இருக்கிறது. உறுப்பினராவது நமக்குக் கட்டுப்படியாகும். பெங்களூரில் 1963இலிருந்து நடக்கும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேருகிற தூரம். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக உதவித்தொகை தரும் அமைப்புகளும் உண்டு. 1961இல் தொடங்கிய ஹார்ன்பி அறக்கட்டளை நம்மைப் போன்ற நாடுகளின் ஆசிரியர்களுக்காகவே இருப்பது. விண்ணப்பத்தில் வகுப்பறையில் நடந்ததை எழுதுங்கள், புத்தகத்தில் படித்ததை எழுதாதீர்கள்.

தாய்லாந்து, கொரியா

இவை பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்கு மட்டும். இந்தியாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தால், கற்பிக்கும் தகுதிச் சான்று உள்ள இந்தியர்களுக்கு ஒரு சின்ன வாசல் இருக்கிறது. தாய்லாந்தில் முறையான வேலைக்கு வேலை விசாவும் வேலை அனுமதியும் அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். “டூரிஸ்ட் விசாவில் வாங்க, வந்தபிறகு மாத்திக்கலாம்” என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் எல்லை தாண்டி மியான்மர் மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022இல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள்.

காகித வேலை

ஏஜென்ட் மூலம் போனால், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. தமிழ்நாடு அரசுக்கே கிண்டியில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள்.

பட்டத்துக்கு அட்டெஸ்டேஷன், அதாவது அது உண்மையானது என்ற அரசுச் சான்றொப்பம், வேண்டும். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாகப் போகும். பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சேலம் போய் உண்மைத்தன்மைச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்கள் விமான டிக்கெட்டுக்கு முன் அது அந்த நாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் அசல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சித்தி மகள் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் முதல் பி.எட். பட்டம் வரை, இப்போது அவள் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பள்ளி வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டால் மார்ச் முடியட்டும் என்கிறார்கள். விடியற்காலை ஸ்டடி அவர், பகலில் வகுப்பு, இரவு ஹாஸ்டல் டியூட்டி என்று நான்கு வருடம் உழைத்த பெண்ணிடம், அவள் படித்து வாங்கிய தாளையே கொடுக்க மறுப்பது அநியாயம். பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது தப்பு என்று கல்ஃப் சட்டம் சொல்கிறது, நம் ஊரில் இதைத் தப்பு என்றே யாரும் நினைப்பதில்லை.

இரண்டு பள்ளிக்கும் அவள் மெயில் போட்டாள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை பீரியடு, கருத்தரங்கு லீவு எத்தனை நாள் என்று மூன்றே கேள்வி. மாலத்தீவிலிருந்து மூன்றாம் நாள் பதில் வந்தது. வாரம் 22 பீரியடு, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டு, பணம் அனுப்புவது வங்கி விதிப்படி. துபாயிலிருந்து அடிப்படையை 2,600 ஆக்குகிறோம் என்றார்கள், பீரியடு 28 என்றார்கள், லீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா போட்ட வீட்டுக் கடன் இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது. தவணை முடியப்போகும் வீட்டுப் பெண் முதலில் தீவுக்குப் போகட்டும் என்பது என் பக்கம். இரண்டு வருடம் 17 பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் துபாய்க்கு வந்தால், பேரம் பேச அவள் கையில் சொந்தமாக ஏதாவது இருக்கும்.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமை சான்றிதழ் கேட்க அந்தப் பள்ளிக்கு நானும் அவளோடு போகிறேன்.