ரோடு பைக் வாங்குகிறீர்களா? கடை ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

சென்னையில் முதல் ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் வளைந்த ஹேண்டில் சைக்கிள், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 72,000 ரூபாய் கொடுத்து எனக்குப் பொருந்தாத சைக்கிளை வாங்கி, ஐந்து மாதம் கை மரத்து, முட்டி வலித்து, கடைசியில் விற்றேன். நான் கேட்டது 52 சைஸ் ஃப்ரேம் (எண் கூடினால் ஃப்ரேம் பெரிது). கடை கொடுத்தது 56.

என் உயரம் 168 செ.மீ. கால் நீளம், உடம்பு குட்டை. கடையில் அளவைச் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு கறுப்பு சைக்கிளை எடுத்து வந்து, பாரின் மேல் கால் பரப்பி நிற்கச் சொன்னார்கள். கடைக்காரர் குனிந்து இடையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். "ரெண்டு விரல் இடம் இருக்கு பாருங்க சார், உங்களுக்கே செஞ்ச மாதிரி இருக்கு." தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். ஹேண்டில் எட்டவில்லை என்றேன். "ரோடு பைக்னா அப்படித்தான் சார், ரெண்டு வாரத்துல பழகிடும்." நம்பி வாங்கினேன்.

பழகவே இல்லை. ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு போவதற்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடும். உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு ஹேண்டிலில் அழுந்துவதால் வருவது அது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மறுபடி கடைக்குப் போனேன். ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 60 போட்டார்கள். சீட்டை அதன் கம்பியில் இரண்டு செ.மீ. முன்னால் தள்ளினார்கள். ஹேண்டில் கைக்கு எட்டியது, உண்மைதான். ஆனால் சீட் முன்னால் போனால் உடம்பும் முன்னால் போகும். அந்த எடையைக் கைகள்தான் தாங்க வேண்டும். மரப்பு கூடியது, முட்டிச்சிப்பிக்குக் கீழே புதிதாக ஒரு வலியும் வந்தது. குட்டை ஸ்டெம்மால் கை சிறிது அசைந்தாலும் சக்கரம் திரும்பியது. முட்டுக்காடு பாலத்தில் கடல் காற்று பக்கவாட்டில் அடித்தபோது, பின்னால் பஸ் வர, சைக்கிள் ஒரு முழம் நகர்ந்தது. அந்தப் பாலத்தை இன்றும் நினைத்தால் வயிறு பிசைகிறது.

அடுத்த ஞாயிறு சைக்கிளைக் கழுவினேன். சீட்டுக்கு அடியிலிருந்து இறங்கும் குழாயில், பெடலுக்குக் கொஞ்சம் மேலே, கடையின் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. தண்ணீரில் ஓரம் கிளம்பியிருந்ததால் உரித்தேன். அடியில் கம்பெனி அச்சடித்த சின்ன எண்: 56. பில்லை எடுத்துப் பார்த்தேன். மாடல் இருந்தது, நிறம் இருந்தது, சைஸ் இல்லை.

எங்கள் சைக்கிள் குழுவில் நீண்ட தூரம் ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் 52 சைக்கிளை ஒரு காலைக்குக் கொடுத்தார். சீட் உயரம் இரண்டுக்கும் ஒன்றே வைத்தோம்: என் உள்கால் அளவு 80 செ.மீ., அதை 0.883-ஆல் பெருக்கினால் 70.6. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது, தொடக்கத்துக்குப் போதும். அதே சாலை, அதே காற்று. முழங்கை தானாக மடிந்தது, தோள் இறங்கியது. முட்டுக்காட்டைத் தாண்டி கோவளம் போய்த் திரும்பிய பிறகும் விரல்களில் உணர்வு இருந்தது.

ஏமாந்த இடம் அந்த இரண்டு விரல் சோதனைதான். பார் தரைக்கு இணையாக இருந்த காலத்தில், 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று நம் அப்பாக்கள் வாங்கிய சைக்கிளுக்கு அது ஓரளவு பொருந்தும். 1990களின் கடைசியில் ஜெயண்ட் கம்பெனியின் டிசிஆர் ரோடு பைக் வந்த பிறகு, பின்னோக்கிச் சரிந்த பார் பரவிவிட்டது. சரிந்த பாரில் யார் நின்றாலும் இடம் இருக்கும். அது உயரத்தைக் காட்டுமே தவிர, நீளத்தைக் காட்டாது. கைக்கும் முதுகுக்கும் நீளம்தானே முக்கியம்?

நீளத்தைச் சொல்லும் எண் ரீச். முன்பக்க உயரத்தைச் சொல்வது ஸ்டாக். பெடல் அச்சின் (பெடல் கைகள் ஃப்ரேமில் சுழலும் அச்சு) நடுவிலிருந்து, ஹேண்டிலைத் தாங்கும் முன்குழாயான ஹெட் ட்யூபின் உச்சிவரை, கிடைமட்டத்தில் எவ்வளவு, நேர்மேலே எவ்வளவு என்பதுதான் இரண்டும். என் சைக்கிளில் ரீச் 39.2, ஸ்டாக் 56.5 செ.மீ. அதே மாடலின் 52-க்குக் கம்பெனி அட்டவணையில் 38, 53. ரீச்சில் வித்தியாசம் ஒரு செ.மீ. சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் பெரிய ஃப்ரேமோடு நீளமான ஸ்டெம், அகலமான ஹேண்டில் எல்லாம் சேர்ந்தே வரும். என்னுடையதில் 110 ஸ்டெம், 44 செ.மீ. ஹேண்டில், 52-இல் 90, 40. இத்தனையும் கூடித்தான் கையை இழுத்தன.

ஸ்டிக்கரோடு கடைக்குப் போனபோது புதுக் கதை சொன்னார்கள். "சின்ன சைஸ் எடுத்தா கால் முன் சக்கரத்துல இடிக்கும், உங்க நல்லதுக்குத்தான் கொடுத்தோம்." இதில் பாதி உண்மை இருப்பதால் விளக்கிவிடுகிறேன். சின்ன ஃப்ரேமிலும் பெரும்பாலும் அதே 700சி (ரோடு பைக்கின் வழக்கமான அளவு) சக்கரம்தான், அதனால் மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி உரசலாம். இதைக் குறைக்கத்தான் ஹெட் ட்யூபைச் சாய்க்கிறார்கள். பெரிய சைஸில் 73 டிகிரி என்றால் மிகச் சிறியதில் 71-க்கு அருகில்கூட இருக்கும். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் முன்வளைவு 45 மி.மீ. என்றே இருந்தால், ட்ரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் சக்கரம் தரையைத் தொடும் தூரம்) சுமார் 56-இலிருந்து 68 மி.மீ. ஆகிவிடும். திருப்புவதற்குச் சற்று கனமாக, நேர்ப்பாதையில் நிதானமாக இருக்கும். அது பழகிக்கொள்ளக்கூடிய குணம். எட்டாத ஹேண்டில் அப்படியில்லை. அதோடு, ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதில் என் நல்லது எங்கே வந்தது? தேங்கிப்போன 56-ஐத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். "ஓட்டின வண்டிக்கு மாத்து கிடையாது" என்று முடித்துக்கொண்டார்கள்.

அளக்க ஒரு டேப் போதும், வேறு கருவி வேண்டாம். மட்டமான தரையில், பின் சக்கரம் சுவரில் முட்டும்படி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். கொத்தனாரின் ரசமட்டம் கிடைத்தால் தரையையும் பார்த்துவிடலாம். சுவரிலிருந்து பெடல் அச்சு நடுவரை ஓர் அளவு, ஹெட் ட்யூப் உச்சி நடுவரை ஓர் அளவு, கழித்தால் ரீச். தரையிலிருந்து அதே இரண்டு புள்ளிகள், கழித்தால் ஸ்டாக். ஐந்து நிமிடம் ஆகும். கம்பெனி அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த சைஸ் என்று தெரிந்துவிடும். இதைக் கடையிலேயே செய்யுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சைஸைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

சைக்கிளை 45,000-க்கு விற்றேன். வாங்க வந்த கல்லூரித் தம்பி 181 செ.மீ. உயரம். முதலில் 56 என்ற எண்ணைக் காட்டினேன், பழைய 110 ஸ்டெம்மைத் திரும்ப மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வரும்போது அவனுக்கு முழங்கை மடிந்திருந்தது.