தூத்துக்குடி – மணப்பாடு பாய்மரப் படகு: குடும்பத்தோடு போகலாமா?

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஏறி, கரையை ஒட்டியே தெற்கே மணப்பாடு வரை போய், ஓர் இரவு படகிலேயே தங்கித் திரும்பும் வாடகைப் பயணம் இது. படகு நல்ல படகு. படகை ஓட்டும் தலைவரான தண்டல் கடலறிந்தவர். சாப்பாட்டிலும் குறை இல்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் திரும்பும் வழியில் காற்று எங்கிருந்து வரும் என்பதை யோசிக்கவில்லை. போகும் நாள் அருமையாக இருக்கிறது, திரும்பும் நாள் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆகவில்லை. நடத்துகிறவர்களின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே திட்டத்தை யார் நடத்தினாலும் இதே சிக்கல்தான் வரும்.

பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை மன்னார் வளைகுடாவில் வாடைக்காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து. துறைமுகத்தின் நீண்ட அலைத்தடுப்புச் சுவரைச் சுற்றி வெளியே வந்ததும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். சுமார் 50 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தரை, ஆறு மணி நேரத்தில் மணப்பாடு. படகு அதிகம் சாயாது. திருச்செந்தூர் கோபுரத்தைக் கடலிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். அடுத்து குலசேகரப்பட்டினம். அங்கே இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தக் கடலுக்குள் விடமாட்டார்கள் என்பதைப் பின்னால் பயணம் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பின்காற்றில் ஓர் ஆபத்து உண்டு. பாயின் அடியில் கிடக்கும் கம்பத்தைப் பூம் என்பார்கள். காற்று சற்றே திசை மாறினாலோ, சுக்கான் பிடித்தவர் கவனம் பிசகினாலோ, அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வீசியடிக்கும். நிற்கிற ஆளின் மண்டையை உடைக்கும் வேகம் அதற்கு உண்டு. இந்தப் படகில் பூமின் நுனியிலிருந்து படகின் முன்முனையான அணியம் வரை ஒரு கயிறு கொண்டுபோய் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பூம் தானாகப் புரள முடியாது. பாயை மாற்றும்போது மட்டும் அதை அவிழ்த்து, எல்லோரையும் உட்காரச் சொல்லி, பாய்க்கயிற்றைக் கையால் இழுத்து மெல்ல மாற்றினார்கள். இந்த ஒரு கயிற்றுக்காகவே தண்டலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எந்தப் படகில் ஏறினாலும் முதலில் இந்தக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. பெரியவர்களுக்குப் போதுமானவை இருந்தன, சிறுவர் அளவில் இரண்டுதான். பிள்ளைக்குப் போட்டு வாரை இறுக்கிய பிறகு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் விழுந்தால் கழன்றுவிடும். தொடைக்கிடையே போகும் வார் உள்ளதாகக் கேளுங்கள், இல்லையென்றால் கையோடு வாங்கிப் போங்கள்.

மணப்பாட்டில் இறங்க ஜெட்டி கிடையாது. படகின் அடிப்பாகம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள் இறங்குவதால் கரையை நெருங்க முடியாது, சிறு வள்ளத்தில்தான் கரைக்குப் போக வேண்டும். கடலுக்குள் நீளும் மலைமுனைக்கு வெளியே பார், அதாவது கடலடிப் பாறை, இருப்பதால் தண்டல் விலகியே சுற்றினார், அது சரி. ஆனால் நங்கூரத்தை மலைக்கு வடக்கே போட்டது தவறு. வாடை வீசும் மாதத்தில் அந்தப் பக்கம் அலை நேராக வரும், இரவெல்லாம் படகு இரண்டு பக்கமும் உருளும். முனைக்குத் தெற்கே போட்டால் மலையே மறைப்பு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் இது அப்படியே தலைகீழ். மாலையில் கரையேறி 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும், புனித சவேரியார் தங்கிய குகையையும் பார்க்க நேரம் தாராளமாக இருக்கிறது.

இனி திரும்பும் நாள். காலைச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்று அட்டவணை சொல்கிறது. அப்போது வாடை நேர் எதிரே. பாய்ப்படகு காற்றுக்கு நேராகப் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். 50 கிலோமீட்டர் 70ஐத் தாண்டும், பத்து மணி நேரம் ஆகும், படகு முழுக்கச் சாய்ந்தே ஓடும். அதனால் பாயைச் சுருட்டிவிட்டு என்ஜினில் வருகிறார்கள். எதிரலையில் மூக்கு குத்திக் குத்தி, டீசல் நாற்றத்தோடு ஏழு மணி நேரம். வாந்தி வருவது இந்த வழியில்தான்.

நம் கடற்கரையில் பாய் விரித்து மீன்பிடித்த காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பின்னிரவில் நிலத்திலிருந்து கரைக்காற்று எழும், மேற்கிலிருந்து. மூன்றரை மணிக்கு நங்கூரம் தூக்கினால் பக்கக்காற்றாக வடக்கே ஓடலாம். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் முடியும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள். இருட்டில் வலை கிடக்கும் என்பது உண்மை. மிதவை தெரியாமல் என்ஜின் விசிறியில் வலை சுற்றினால் படகும் நிற்கும், மீனவருக்கும் நஷ்டம். அணியத்தில் டார்ச்சோடு ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். இரண்டு பேர் மட்டும் உள்ள படகுக்கு இது கஷ்டம்தான். மூன்றாவது ஆள் கேளுங்கள். அல்லது மணப்பாட்டோடு முடித்துக்கொண்டு காரில் நெல்லைக்கு வந்துவிடுங்கள்.

கழிப்பறை கைப்பம்பு வகை. காகிதமோ தலைமுடியோ போனால் வால்வு அடைத்துக்கொள்ளும், நடுக்கடலில் சரிசெய்ய அரை நாள் பிடிக்கும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தங்கும். அடுப்பை மட்டும் அல்ல, சிலிண்டரையும் மூடுகிறார்களா என்று பாருங்கள். இங்கே மூடினார்கள்.

முந்தின ராத்திரி எண்ணெய்ப் புரோட்டா வேண்டாம். அல்வாவைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இட்லி, வாழைப்பழம், இஞ்சி போதும். குமட்டல் மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அவோமின் வகை இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

முழுப் பரீட்சை லீவில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏப்ரலில் காற்று குறைவு, ஆனால் காற்றே இல்லாமல் நீண்ட அலை எழும்பும் கள்ளக்கடல் வரும். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். மே கடைசியில் கச்சான் பிடித்துவிட்டால், கரையோரம் குளம்போலத் தெரியும், படகை மட்டும் வெளியே தள்ளும். செப்டம்பர் வரை குடும்பத்தோடு வேண்டாம். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறுதான் சரி. மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறக்கிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

வாடகை படகு முழுவதற்கும் சேர்த்து. டீசல் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வழிக்கு மட்டும் 20 லிட்டர் ஆகும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு அவசர எண்களையும் கரையில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் வராவிட்டால் அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு ஏறுங்கள்.