‘வேர்ல்டு பேட்டன்ட்’ என்று விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

₹4,35,000. தேங்காய் மட்டை உரிக்கும் எங்கள் மெஷினுக்கு வெளிநாட்டுக் காப்புரிமை வாங்கித் தருகிறோம் என்ற ஒரு ஆன்லைன் சேவைத் தளத்துக்கு நானும் தம்பியும் கட்டிய பணம் இது. இந்தியாவுக்கு வெளியே எந்த நாட்டிலும் எங்களுக்குக் காப்புரிமை இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் சிக்கிவிடக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை பொள்ளாச்சிப் பக்கம். காய் சிறிதானாலும் பெரிதானாலும் பிடியைத் தானே மாற்றிக்கொள்ளும் உருளை, தம்பியின் யோசனை. இந்தியாவில் விண்ணப்பம் போட்டிருந்தோம். இலங்கை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று தென்னை அதிகமுள்ள மூன்று நாடுகளிலும் உரிமை வேண்டும். எங்கள் தேவை அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் நேராகப் போடலாம், பாரிஸ் உடன்படிக்கைப்படி நம் முதல் தேதியே அங்கும் செல்லும். அல்லது அதே 12 மாதத்துக்குள் பிசிடி என்ற காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் கீழ் ஒரே சர்வதேச விண்ணப்பம் போடலாம். அப்படிப் போட்டால் எந்தெந்த நாடு என்று முடிவு செய்ய முதல் தேதியிலிருந்து பெரும்பாலும் 30 மாதம் வரை நேரம் கிடைக்கும். கிடைப்பது நேரம்தான். அதற்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனியாக நுழைந்து, கட்டணம் கட்டி, அங்கே ஏஜென்ட் வைத்து, இந்தோனேசியா என்றால் அவர்கள் மொழியில் மொழிபெயர்த்தும் கொடுத்தாக வேண்டும். உரிமையைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகம்தான். ‘வேர்ல்டு பேட்டன்ட்’ என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது.

அந்தத் தளத்துக்காரர்கள் எங்களிடம் சொன்னது வேறு. “அண்ணா, நாடு நாடா போட்டா செலவு தாங்காது. ஒரே அப்ளிகேஷன், 150 நாட்டுக்கு மேல கவர் ஆயிடும்.” திரையில் உலக வரைபடத்தைக் காட்டினார்கள். இந்தோனேசியாவைத் தொட்டதும் பச்சையாக மாறியது. நாங்கள் கேட்பதற்கு முன்பே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் தம்பி வரைபடங்களை முழுசாகக் கொடுத்தான். விண்ணப்பத்தை எழுதியவர் நன்றாகவே எழுதியிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் ₹4,35,000 இரண்டு தவணையில் போனது.

18 மாதம் முடிந்ததும் ஒரு மெயில். “வாழ்த்துகள், உங்கள் வேர்ல்டு பேட்டன்ட் வெளியாகிவிட்டது.” கூடவே டபிள்யூ.ஓ. என்று தொடங்கும் ஒரு எண். அதைப் பிரேம் போட்டுப் பட்டறையில் மாட்டினோம். அது விண்ணப்பத்தை பிசிடி விண்ணப்பங்களைக் கையாளும் ஜெனீவா அலுவலகம் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) வெளியிட்டதற்கான எண் மட்டும்தான். அன்றிலிருந்து தம்பியின் வரைபடம் முழுவதும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்பதை அந்த மெயிலில் எழுதவில்லை.

இந்தோனேசிய சர்டிஃபிகேட் எப்போது வரும் என்று கேட்டபோதெல்லாம் “பேக்எண்டு டீம் பாத்துட்டு இருக்காங்க அண்ணா”, “ப்ராசஸ்ல இருக்கு அண்ணா”. எங்களைக் கவனித்துவந்த மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். புகாரைப் பதிவு செய்தால் மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவார்கள். இந்தோனேசியாவிலிருந்து மெஷின் கேட்ட ஒரு வியாபாரி பேட்டன்ட் எண் கேட்டதால்தான் கோவையில் பதிவு பெற்ற ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டிடம் போனோம். அந்த அம்மா தேதியைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கெடு முடிந்துவிட்டது. மூன்று நாட்டிலும் யாரும் நுழையவில்லை.

புதிதாகப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் விண்ணப்பமே வெளியாகிவிட்டதால் அந்தக் கண்டுபிடிப்பு இனிப் ‘புதியது’ ஆகாது. சில நாடுகளில் தக்க காரணம் காட்டிக் கெடு தவறியதை மன்னிக்கக் கேட்கலாமாம், அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்திய விண்ணப்பம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

தளத்துக்கு மறுபடி போன் செய்தேன். “சார், நேஷனல் ஃபேஸ் உங்க பேக்கேஜ்ல இல்ல. டெர்ம்ஸ்ல தெளிவா இருக்கு.” ஒவ்வொரு நாட்டிலும் தனியாக நுழையும் கட்டத்தைத்தான் ‘நேஷனல் ஃபேஸ்’ என்கிறார்கள். ஒரு தேதியை ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போட என்ன செலவு? அதற்குக்கூடவா ₹4,35,000 போதவில்லை?

இன்னொன்றையும் அந்த அம்மாதான் காட்டினார். சர்வதேச விண்ணப்பக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பதாரர்கள் எல்லோரும் இந்தியாவில் வசிக்கும் இந்தியத் தனிநபர்கள் என்றால் அதில் 90 சதவீதம் தள்ளுபடி. எங்கள் இருவர் பெயரில்தான் விண்ணப்பம், ஆகவே தள்ளுபடியில் 133 பிராங்க்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பில்லில் ‘அரசுக் கட்டணம்’ என்று முழுத் தொகையும் வாங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். எத்தனை நாடு வேண்டும் என்று முதலில் எண்ணுங்கள், இரண்டு மூன்று நாடு உறுதி என்றால் நேராகப் போடுவதற்கும் விலை கேளுங்கள். 12, 30 மாதக் கெடு தேதிகளை எழுத்தில் வாங்கி நீங்களே காலண்டரில் குறியுங்கள். அரசுக் கட்டணத்துக்கு அசல் ரசீது கேளுங்கள். ஏஜென்ட் பெயர் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், விண்ணப்பம் வெளியானதும் ‘பதிவுக் கட்டணம்’ கட்டச் சொல்லி அரசு முத்திரை மாதிரி போட்டுக் கடிதங்கள் வரும், ஒரு பைசா கட்டாதீர்கள். அந்த மாதிரிக் கடிதங்களை ஜெனீவா அலுவலகமே தன் தளத்தில் எச்சரிக்கையாகப் போட்டு வைத்திருக்கிறது.