இரண்டு பிள்ளைகளோடு மட்டக்களப்பில் நாலரை வருடம்: வீடு பார்த்த அனுபவம்

2021 ஜனவரியில் இடமாற்றம் கிடைத்து, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு இரண்டரை. கணவர் எங்களோடு இல்லை. இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அலுவலகம் நகரின் நடுவில், புளியந்தீவில். மாதச் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போக வேண்டும். அதனால் நான் முதலில் பார்த்தது வாடகையை மட்டும்தான். அங்கேதான் பிழை விட்டேன்.

புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் விசாரித்தேன். இரண்டு அறை வீட்டுக்கே கேட்ட தொகை எனக்குக் கட்டாது. கல்லடியில் ஒரு வீடு பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார், அப்புறம் "ஆம்பிள ஆள் இல்லாத வீடு" என்று இழுத்தார். அந்த வார்த்தை மனதில் தைத்தது. கடைசியில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. மாதம் 8,000 ரூபா. பெரிய வளவு, இரண்டு மாமரம், நல்ல கிணறு. யாரும் கணவரைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊருக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. வாடகை படுவான்கரையில் குறைவு. ஆனால் பாடசாலை, டியூஷன், பெரியாஸ்பத்திரி, அலுவலகம் என்று என் தேவைகள் எல்லாம் பாலத்துக்கு நகரப் பக்கம்.

ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். மனிதர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நெல் வெட்டினால் ஒரு பெட்டி அரிசி எங்கள் வீட்டுக்கும் வரும். ஆனால் கணக்கு என்னை ஏமாற்றியது. மகளுக்கு வேன் 6,000, டியூஷன் நாட்களில் ஆட்டோவுக்கு ஏறத்தாழ 4,000, எனக்கு பஸ், இடையிடையே ஆட்டோ என்று இன்னும் 3,000. ஆக 8,000 ரூபா வீடு உண்மையில் 21,000 ரூபா வீடு. அதோடு பிள்ளைகள் இருவரும் நான் வரும்வரை காத்திருந்த நேரமும் இருக்கிறது. அதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

பிறகு 2022 வந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470. விலை கொடுத்தாலும் கிடைக்காது, வரிசையில் நாள்கணக்கில் நிற்க வேண்டும். வேன் நின்றது. ஆட்டோ நின்றது. ஜூலையில் ஓர் இரவு மகனுக்குக் காய்ச்சலோடு மூச்சிழுப்பு வந்தது. பத்து மணி இருக்கும். எனக்குத் தெரிந்த மூன்று ஆட்டோக்காரருக்கும் அழைத்தேன், மூவரிடமும் எண்ணெய் இல்லை. பக்கத்து வளவு அண்ணன் வயல் வேலைக்கென்று பொத்தி வைத்திருந்த டீசலை ஊற்றி, உழவு மெசினைக் கிளப்பி, பெட்டியில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகன் என் மடியில், மகள் என் முதுகைப் பிடித்தபடி. பாலத்தில் காற்று அடித்தபோது மகனின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவே மாட்டேன்.

மகன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். டீசலுக்குக் காசு கொடுக்கப் போனேன், அண்ணன் வாங்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன். ஒருவரின் வயலுக்குரிய டீசலை இரண்டாம் முறை கேட்க என்னால் முடியாது. படுவான்கரையில் சொந்தபந்தம் இருக்கிறவர்களுக்கு அது நல்ல இடம். ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு, ஆஸ்பத்திரியும் பாடசாலையும் நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் முறை வீட்டைப் பார்க்கவில்லை, ஒழுங்கையைப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஆறு மணிக்கு, கல்லடியிலிருந்து நொச்சிமுனை வரைக்கும் நடந்தேன். பிள்ளைகள் வெளியில் விளையாடுகிறார்களா, கடப்படியில் பெண்கள் இருந்து கதைக்கிறார்களா, இருட்டினால் லைட் எரிகிறதா என்று பார்த்தேன். சில்லறைக் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டே, "மாரியில் இங்கே தண்ணி நிற்குமா?" என்று கேட்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டால் யாரும் ஓம் என்று சொல்ல மாட்டார்கள். மதிலின் அடியில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தேன். கோடையில் வீடு பார்க்கிறவர்களுக்கு இந்தக் கறைதான் சாட்சி.

கடலோரமாக டச்பார், நாவலடிப் பக்கமும் பார்த்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி என்ன பாடுபட்டது என்பதை அங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அன்றைக்குச் சாய்ந்தது. நான் வேலைக்குப் போன நேரம் பிள்ளைகள் வீட்டில் தனியாக இருந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற நினைப்பிலேயே, கல்முனை வீதிக்கு வாவிப் பக்கமாக வந்துவிட்டேன்.

2022 ஓகஸ்டில் நொச்சிமுனையில் இரண்டு அறை வீடு, 18,000 ரூபா. வீட்டுக்காரர் ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். சங்கிலியை அடகு வைத்து மூன்று மாதத்துக்குக் கொடுத்தேன், மிச்சத்தை மாதாமாதம் கட்டி முடித்தேன்.

வந்து சில மாதத்தில்தான் இந்த ஒழுங்கையின் அமைப்பு விளங்கியது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாயின் வளவைப் பிரித்துப் பிரித்து மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். எனவே ஓர் ஒழுங்கை என்றால் தாய், அக்கா, தங்கச்சி, பெரியம்மா, சின்னம்மா. எந்த நேரம் போனாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண் இருப்பாள். வேலைக்குப் போகிற தனித் தாய்க்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

முன்வீட்டு அம்மம்மா முதல் கிழமையே சொன்னார்: "பொடியன இஞ்ச விட்டுட்டுப் போ புள்ள. மறுகா வந்து கூட்டிட்டுப் போகலாம்." முன்பள்ளியும் பிறகு பாடசாலையும் விட்டு வந்து மகன் மூன்று வருடம் அவர் வீட்டு விறாந்தையில்தான் வளர்ந்தான். நான் மாதம் ஏதாவது கொடுக்கப் பார்ப்பேன், அவர் திட்டுவார். அதனால் அரிசி, சீனி, மருந்து என்று வாங்கிக் கொடுப்பேன்.

அதே அமைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "நீங்க எந்தக் குடி?" என்று கேட்பார்கள். குடி என்றால் தாய் வழியாக வரும் குலம். வெளியூர்க்காரிக்கு அதற்குப் பதில் இல்லை. கோயில் திருவிழாவில் குடிக்கொரு நாள் என்று பங்கு இருக்கும்போது, நான் ஓரமாக நிற்பேன். முதல் வருடம் அது வலித்தது. எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதும் ஒழுங்கைக்குத் தெரியும். என் மகளுக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு அது காவல் மாதிரித்தான் படுகிறது.

இப்போது மகள் கல்லடியில் உள்ள பாடசாலைக்குச் சைக்கிளில் போகிறாள். எனக்குக் கல்முனை வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத அளவுக்குப் போக்குவரத்து. 2013 இல் திறந்த கல்லடிப் புதுப் பாலம் அகலமானது என்பதால் நானும் பல நாள் சைக்கிளில்தான் புளியந்தீவுக்குப் போகிறேன். வேன் செலவு இல்லை. பெருநாள், தீபாவளிக்கு உடுப்பு எடுக்கக் காத்தான்குடி பக்கத்திலேயே இருக்கிறது, இரவு வரைக்கும் கடை திறந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் மாவட்டம் முழுக்க வெள்ளம் போட்டபோது, எங்கள் வளவில் தண்ணீர் நின்றது ஒன்றரை நாள்தான். மணல் உறிஞ்சிவிட்டது. வாவியோரம் உள்ள கடைசி நாலு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது.

குறைகளும் இருக்கின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும், குடிக்கக் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டும். மாரிக்குப் பிறகு நுளம்பு. வாவி பக்கத்தில் என்பதால் மகனைக் கண்ணுக்குள் வைத்திருக்க வேண்டும்.

பெரிய ஏமாற்றம், மகனுக்கு முதலாம் தரத்துக்கான பாடசாலை அனுமதி. வீடு பாடசாலைக்கு அருகில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பிக்கும்போது, வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்கும், வீடு யாருடைய பெயரில் என்பதற்கும் புள்ளி. வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் நடுவில் வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளி வெட்டப்படும். 2023 இல் நான் விண்ணப்பித்தபோது இந்த முகவரியில் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம்தான். முதல் விருப்பம் கிடைக்கவில்லை. பக்கத்துச் சின்னப் பாடசாலையில் சேர்த்தேன். அவனுடைய ஆசிரியை நன்றாகக் கவனிக்கிறார், எனக்கு இப்போது கவலை இல்லை. ஆனால் கைக்குழந்தையோடு வருகிறவர்கள், வந்த வருடமே கிராம சேவகரிடம் போய் இடாப்பில் பெயரைப் பதியுங்கள். வாடகை ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாமல் நொத்தாரிசிடம் எழுதுங்கள். வவுணதீவில் இருந்த ஒன்றரை வருடமும் இங்கேயே இருந்திருந்தால், மகனுக்கு அந்தப் புள்ளியும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று, எனக்கு யாரும் சொல்லாதது. இங்கே வாடகைக்கு விடுகிற வீடு பெரும்பாலும் ஒரு மகளின் சீதன வீடு. அந்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தால் நீங்கள் எழும்ப வேண்டும். போன வருடம் வாடகை 25,000 ஆனது, இந்த வருடம் வீட்டுக்கார மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. தையில் வீடு விட வேண்டும். வீட்டுக்காரர் மரியாதையாக ஐந்து மாதத்துக்கு முன்னமே சொன்னார், அம்மம்மாதான் எங்களுக்காக ஒழுங்கை முழுக்க விசாரித்தார். அதே ஒழுங்கையில் ஐந்து வீடு தள்ளி ஒன்று கிடைத்திருக்கிறது. ஓர் அறைதான் பெரிது, மற்றது சின்னது, குசினியில் கொஞ்சம் வேலை இருக்கிறது. போய்ப் பார்த்த அன்றைக்கு நான் முதலில் கேட்டது வீட்டுக்காரரின் மகளின் வயதை. நாலாம் தரம் படிக்கிறாளாம். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன்.