லண்டன் பப்பில் சிப்ஸ் சைவம் என்று நம்பிவிடாதீர்கள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் லண்டனில் பப்புக்கு அழைத்துப்போகும் வழக்கம் உள்ளவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். பதினேழு வருடமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கே இப்படி நடந்தது. பத்து நாள் சுற்றுலாவில் வருகிறவர்கள் கதியை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

சென்ற அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா மகனும் மதினியும் வந்திருந்தார்கள். எங்களுடையது பரம்பரைச் சைவக் குடும்பம். அண்ணன் வேலை நிமித்தம் பல ஊர் சுற்றியவர். கோழி, மீன், பியர் எல்லாம் வீட்டு வாசல்படிக்கு வெளியே செல்லும். மதினி அப்படி இல்லை. முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அதே சமயம் அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே குடும்பம் குடும்பமாகப் பப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாமே, அதைப் பார்க்கவேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவரே மதினிதான்.

வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பப் போதும் என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை. தேம்ஸ் கரையோரம் நடந்துவிட்டு அங்கேயே எங்காவது சாப்பிடலாம் என்று அடம்பிடித்தேன். அந்தப் பகுதியில் நடக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுமுறை வரப்போவதில்லை என்பது அங்கே கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்தப் பப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கும் உள்ளே போகத் தோன்றும். வாசலில் பூத்தொட்டிகள் தொங்கின. கறுப்பு மரச் சட்டம், தங்க எழுத்து, எந்த நூற்றாண்டிலிருந்து நடக்கிறது என்ற பெருமை. கட்டடம் பழையதாக இருக்கலாம். அடுக்களைக்கும் அந்த நூற்றாண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பாரில் போய்ச் சொல்லி வாங்கிவருவதுதான் இங்கே பப் வழக்கம். என் கார்டைப் பதிந்துகொண்டு, கணக்கைக் கடைசியில் முடிக்கலாம் என்றார்கள். இங்கேயே விழித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்கினால் விலை கண்ணில் படும். கணக்கு ஓடினால் படாது.

அண்ணனுக்கும் கணவருக்கும் ஆளுக்கு ஒரு பைன்ட் லாகர் பியர். ஒரு பைன்ட் என்றால் 568 மில்லி. வந்த கண்ணாடிக் கோப்பையில் அண்ணன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் படுக்கையாக வைத்துக் காட்டினார்: நுரை மட்டும் இரண்டு விரல் கனம். கோடு போட்ட கோப்பை என்றால் கோடு வரை பியர் இருக்க வேண்டும். கோடு இல்லாத கோப்பையில் விளிம்புதான் அளவு. எங்களுடையது கோடு இல்லாதது. நுரை அடங்கிய பிறகு குறைந்தது 95 சதவீதம் பியர் இருக்க வேண்டும், குறைந்தால் கேட்டதும் நிரப்பித் தர வேண்டும் என்பது இந்தத் தொழில்காரர்களே வைத்திருக்கும் நெறிமுறை. கணவர் கொண்டுபோய்க் கேட்டார். இது இப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். பின்னால் வரிசை நின்றது. கணவர் திரும்பி வந்துவிட்டார். நம் ஆட்களின் கூச்சம் இருக்கிறதே, அதை நம்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

எனக்கு ஒரு சிவப்பு ஒயின் கேட்டேன். என்ன அளவு என்று ஒரு வார்த்தை கேட்காமல் 250 மில்லி வந்தது. புட்டியில் மூன்றில் ஒரு பங்கு. சின்னது தாருங்கள் என்றால், சின்னது வைப்பதில்லை என்றார்கள். இது அப்பட்டமான பொய்யா, அறியாமையா என்று தெரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது உரிமம் பெற்ற பப்பில் 125 மில்லி ஒயினும் அரை பைன்ட் பியரும் கட்டாயம் கிடைக்க வேண்டும். அளவு சொல்லாமல் கேட்கிறவரிடம் சின்ன அளவு உண்டு என்று தெரிவிக்கவும் வேண்டும். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் உரிம நிபந்தனைதான். நாங்கள் தண்ணீர் கேட்டதற்கு மூடி திறக்காத புட்டி மேஜைக்கு வந்தது. பில்லில் அதற்கு 5.60 பவுண்டு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அண்ணனுக்குக் கோழி ரோஸ்ட். ஞாயிறு ரோஸ்ட் என்றால் அடுப்பில் வைத்து வாட்டிய இறைச்சி, மொறுமொறுவென்ற உருளைக்கிழங்கு, காய்கள், கிண்ணம்போல் உப்பிய யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் கிரேவி. எங்களுக்கு வந்த கோழி காலையிலேயே வெந்து, விளக்கடியில் காய்ந்து, குழம்பைக் கண்டதும் கொஞ்சம் ஈரமாகியிருந்தது. காரட்டை முள்கரண்டியால் தொட்டால் கூழானது. என் கணவருடைய மீனில் மேல் மாவு தனியாகக் கழன்று வந்தது, மழைக்கோட்டைக் கழற்றுவதுபோல. நான் வாங்கிய சூப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மதினிக்கு வீகன், அதாவது பால், முட்டைகூடச் சேராதது, என்று போட்டிருந்த நட் ரோஸ்ட். பருப்பு, கொட்டைகளைச் சேர்த்துச் சுட்ட கட்டி. யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு என்பதால் அதை வைக்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஓரம் கொதித்தது, நடுவில் ஜில்லென்று இருந்தது. மைக்ரோவேவில் சூடாக்கிய பண்டத்தின் அடையாளம் அது. மதினி இரண்டு வாய் சாப்பிட்டு, பசி இல்லை என்று தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பியவருக்கு எப்படிப் பசி இல்லாமல் போகும்?

சரி, ஒரு கிண்ணம் சிப்ஸ் (இங்கே சிப்ஸ் என்றால் கனமாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள்) வாங்கலாம் என்று எழுந்தேன். பரிமாறிய பெண்ணிடம் தெளிவாகக் கேட்டேன்: இவர் சைவம், இறைச்சி எதுவும் கூடாது, சிப்ஸ் பரவாயில்லையா? அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, வெறும் உருளைக்கிழங்குதானே, தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். சிப்ஸ் நன்றாகத்தான் இருந்தது. அன்றைய சாப்பாட்டிலேயே உருப்படியான பண்டம் அதுதான். மதினி முக்கால் கிண்ணம் சாப்பிட்டார்.

கை கழுவப் போன இடத்தில், கழிப்பறைக்குப் போகும் நடைவழிச் சுவரில் ஒரு கரும்பலகை. வெள்ளைச் சுண்ணாம்பில் சுருள் சுருளான எழுத்து, ஓரத்தில் ஒரு மாட்டின் படம். எங்கள் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் மூன்று முறை பொரிக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. ஒளித்து வைத்த ரகசியமில்லை, பெருமையாக மாட்டிவைத்த விளம்பரம். அந்தப் பலகைக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது இங்கே பழைய பழக்கம். குறிப்பாக வட இங்கிலாந்தின் மீன் சிப்ஸ் கடைகளில் பலவற்றில் இன்றும் அப்படித்தான். இப்போது பாரம்பரியச் சுவை என்று பப்புகளும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ரோஸ்ட் உருளைக்கிழங்குக்கு மாட்டுக் கொழுப்போ வாத்துக் கொழுப்போ சேர்ப்பார்கள். யார்க்‌ஷயர் புட்டிங்கின் அச்சிலும் அதே கதைதான். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவை. தெரிந்திருந்தும் ஒரு சிரிப்பை நம்பிவிட்டேன்.

மேலாளரை அழைத்தேன். அவர் சொன்ன பதில் இது: அலர்ஜி இருப்பதாக நீங்கள் சொல்லவில்லையே. இந்த ஒரு வாக்கியத்தில்தான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. இந்த நாட்டில் உணவகங்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் பதினான்கு. பால், முட்டை, மீன், கடுகு, எள், நிலக்கடலை என்று நீளும் அந்தப் பட்டியலில் மாடு கிடையாது, பன்றியும் கிடையாது. வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பதினான்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதில் பொரிக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் ஒழிய, சைவமா என்ற கேள்வி அவர்கள் காதில் உருளைக்கிழங்கா என்றுதான் விழுகிறது. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்ததாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. பலகையைச் சுவரில் மாட்டத் தெரிந்தவர்களுக்கு அதைப் பரிமாறுகிறவளிடம் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

பிறகு பில் வந்தது. மொத்தம் 120.40 பவுண்டு, அதன்மேல் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற பெயரில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் 15.05; ஆக 135.45. அண்ணன் உதட்டுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பானங்களைப் பாரிலிருந்து சுமந்து வந்தது நாங்கள். அதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சதவீதம். கார்டு இயந்திரத்தை நீட்டினால் அதன் திரையில் இன்னொரு தடவை டிப்ஸ் கேட்கிறது. எடுத்துவிடச் சொன்னால் அந்தச் சார்ஜை எடுத்தே ஆகவேண்டும், விருப்பம் என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம். 2024 அக்டோபர் 1 முதல் இந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச் சேரவேண்டும் என்று சட்டம் இருப்பதால், நல்ல இடத்தில் நான் எடுக்கச் சொல்வதில்லை. அன்று சொன்னேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சார்ஜ், சிப்ஸ், தண்ணீர் மூன்றையும் கழித்தார்கள். மன்னிப்பு என்ற சொல் கடைசிவரை வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அண்ணன் பிறகு கோபித்துக்கொண்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வயிற்றுக்குள் போனது என்னவென்று அவருக்குத் தெரியவேண்டாமா? மதினி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் குளிரில் தலை முழுகினார். மறுநாள் இரவு வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நீ கேட்டுத்தானே வாங்கினாய், உன் பேரில் தப்பில்லை என்று என்னைத் தேற்றியதும் அவர்தான். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று நான் எந்த முகத்தோடு பெருமைப்பட முடியும்?

நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் உள்ளூர் வணிகத் தர அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். அந்தப் பப்பின் சுகாதார மதிப்பெண்ணையும் இணையத்தில் தேடினேன். ஐந்துக்கு ஐந்து! வாங்கியிருக்கலாம். அந்த மதிப்பெண் சுத்தத்துக்கு. பரிமாறுகிறவர் வாயிலிருந்து வரும் பதிலுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஐந்து என்று போட்ட ஸ்டிக்கரைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பியர் குடிக்கும் சைவர்கள் கவனத்துக்கு. கைப்பம்பில் இழுத்துத் தரும் ஏல் என்ற பீப்பாய் பியர் பலவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள். எல்லா பியர் ஆலையிலும் இல்லை; வீகன் ஏல்களும் நிறைய வந்துவிட்டன. கேட்டால் சொல்வார்கள். வாசலில் ஃப்ரீ ஹவுஸ் என்று இருந்தால் இலவசமா என்று அண்ணன் கேட்டார். எந்த பியர் ஆலைக்கும் கட்டுப்படாமல் தாங்களே தேர்ந்து பியர் வாங்கும் பப் என்று பொருள். நல்ல அறிகுறிதான், உத்தரவாதம் இல்லை.

சைவச் சாப்பாடும் பியரும் ஒரே கூரையடியில் வேண்டுமென்றால் மேற்கு லண்டனின் சவுத்ஹாலிலும், பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக், வெஸ்ட் புரோமிச் பகுதிகளிலும் உள்ள தேசி பப்புகளுக்குப் போகலாம். பஞ்சாபிகள் நடத்துவது, தந்தூரி அடுப்பும் பனீரும் உண்டு. 1960களில் அங்கே இந்தியர்களுக்குப் பல பப்புகளில் உட்கார இடம் தரமாட்டார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கே வந்து அந்த நிறவெறியை நேரில் பார்த்துவிட்டுப் போனார். அப்படித் துரத்தப்பட்ட சமூகம் பின்னாளில் பப்பையே விலைக்கு வாங்கிவிட்டது.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தைய நாள், கணவர் முதலில் சொன்ன அந்தப் பக்கத்துத் தெருப் பப்புக்குப் போனோம். மதினி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வந்தார். பூத்தொட்டி இல்லை. கம்பளத்தில் பழைய கறை. வாசலருகே ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது, தாண்டித்தான் போகவேண்டும். சாப்பாட்டுப் பட்டியலில் ஏழே ஏழு பண்டங்கள். சிப்ஸ் எதில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டேன். தாவர எண்ணெய்தான், ஆனால் மீனும் அதே சட்டியில்தான் விழுகிறது, அதனால் இவருக்கு வேண்டாம் என்றார் பப்புக்காரர். வரவேண்டிய காசை விட்டுக்கொடுத்த அந்த ஒரு பதிலுக்காகவே நாங்கள் உட்கார்ந்தோம். மதினிக்குத் தோலோடு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கும் தக்காளிச் சாற்றில் வேகவைத்த பீன்ஸும் வந்தன. முழுவதும் சாப்பிட்டார்.

அண்ணனுக்கு ஊற்றிய பியரில் நுரை எழும்பியது. பப்புக்காரர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, வேறொருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து, அடங்கியிருந்த இடத்தை யாரும் கேட்காமலே நிரப்பினார். அண்ணன் மேஜைக்குக் கொண்டுவந்து பழையபடி விரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூட நிற்கவில்லை.